பக்கத்து இடம்

யுத்தத்தில் காகிதம் கிடைக்காததால், செஞ்சிப் பள்ளியில் அல்ஜீப்ராப் பரீட்சை சிலேட்டில் நடந்தது. வாத்தியார் விடைகளைப் படிக்க, பையன்கள் சிலேட்டை மாற்றித் திருத்தித் திருப்பிக் கொடுத்தார்கள். தப்பாகப் போட்டவன் சரியாகப் போட்டவன் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்வது வழக்கம். சேரியிலிருந்து வரும் இளையபெருமாளின் சிலேட்டை யாரும் தொடமாட்டார்கள். கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து அவனே திருத்திக்கொண்டான்.

"தப்பாப் போட்டவன் யாருடா?" என்றார் வாத்தியார்.

இளையபெருமாள் எழுந்தான். "நான் சார்."

"தனசேகரனுக்கு எல்லாம் சரி. அவன் பக்கத்துல உக்காந்து கத்துக்க."

தனசேகரன் அவசரமாகத் தன் சிலேட்டை அழித்தான். "என்னுதும் தப்பு சார்!"

வகுப்பு சிரித்தது. வாத்தியார் சாக்பீஸை எடுத்தார்.

"சரி, நானே போர்டுல போடறேன். அவங்கவங்க எடத்துல உக்காருங்க."

அவர் எழுதிய விடைதான் இளையபெருமாளின் சிலேட்டிலும் இருந்தது. அதன்மேல் தானே போட்டிருந்த தப்புக் குறியை அவன் விரலால் மெல்லத் துடைத்தான்.