வடக்குப் பள்ளம்

கயிற்றில் முடிச்சு விழுந்து, திரை பாதியில் நின்றுவிட்டது.

இயக்குநர் இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். கடைசியில் உதவி இயக்குநர் நாற்காலி மேல் ஏறி, ஆராய்ச்சி நிலையத்தின் பத்தாண்டு உழைப்பை இரண்டு கையாலும் பிய்த்துத் திறந்துவைத்தார்.

ராட்சதக் கணவாயின் பரவல் வரைபடம். வெளிர் நீலம் என்றால் கணவாய் இல்லை. அடர் சிவப்பு என்றால் அள்ள அள்ளக் குறையாது.

மனைவியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த படகுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆள் உயரக் கணவாய்களை அவர் வாரம் தவறாமல் தூக்கிவருகிற இடம், கப்பல் பாதைக்குக் கிழக்கே, வெளிர் நீலத்தில் நிம்மதியாகக் கிடந்தது.

பிறகு வடக்கே பார்த்தார்.

வடக்குப் பள்ளம் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

அவருக்கு ஒரு வழக்கம். பருவம் தொடங்கும்போது, கணவாய் கிடைக்கிற இடம் என்று ஆளுக்கொரு பொய் இடம் சொல்லிவைப்பார். ஐஸ்காரருக்கு ஒன்று, மெக்கானிக்குக்கு ஒன்று. காதோடு காதாக, சத்தியம் வாங்கிக்கொண்டு. எந்த இடத்தில் படகுகள் மொய்க்கின்றனவோ, அதைக் கேட்டவர் வாய் ஓட்டைவாய். மூன்று மெக்கானிக்குகள் இப்படித்தான் மாறினார்கள்.

வடக்குப் பள்ளத்தை அவர் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தார்.

ஊரே கவிழ்த்தாலும் இவள் கவிழ்க்கமாட்டாள் என்று இருபது வருடமாக நம்பிய மனிதர். நெஞ்சு எரிந்தது. அவளிடமும் ஏன் பொய் இடம் சொன்னோம் என்பது மட்டும் அந்த எரிச்சலில் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

மேடையில் இயக்குநர் மைக்கைத் தட்டினார். "எல்லாப் படகுலயும் கருவி வச்சோம். ஒரு படகு ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகுதுன்னா என்ன அர்த்தம்? அங்க கணவாய் இருக்குன்னுதானே அர்த்தம்!" படகுக்காரரின் கருவி மட்டும் முதல் நாளே வீட்டுப் பரணுக்குப் போயிருந்தது.

"யார்கிட்ட உளறின?" படகுக்காரர் மனைவி பக்கம் சாய்ந்து பல்லைக் கடித்தார்.

அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என் தம்பிகிட்ட. பருவம் முழுக்க அங்கேயே கிடந்தான். ஒண்ணுகூடத் தூண்டில்ல ஏறல. 'மாமா என்கிட்டப் பொய் சொல்லமாட்டாருடா, உனக்குத்தான் தூண்டில் போடத் தெரியல'ன்னு நான்தான் திட்டித் திட்டி அனுப்பினேன். போன வாரம் படகை வித்துட்டான்."

இப்போதுதான் அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க. அங்க கணவாய் இருக்குதானே?"

அரங்கமே எழுந்து கைதட்டியது.

படகுக்காரரும் எழுந்தார். எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினார். மற்றவர்கள் ஓய்ந்து உட்கார்ந்த பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார்.