உப்பு

விடைத்தாள் திருத்தம், கோயில் பாடகர் குழு, ஒத்தக்கடையில் பாதி எழும்பி நிற்கும் வீடு. இத்தனைக்கும் நடுவே முடியாமல் போகவே, ஐரின் தன் சமையல் வலைப்பூவில் ‘கொஞ்ச நாள் விடுப்பு’ என்று எழுதிவிட்டு நிறுத்தினாள்.

மறுவாரம் ஸ்டாஃப் ரூமில் பவதாரிணி, “டீச்சர், நேத்து நீங்க போட்ட அயிரை மீன் குழம்பு வச்சேன், நல்லா வந்துச்சு” என்றாள்.

ஐரின் எதுவும் போட்டிருக்கவில்லை. பாஸ்வேர்டு தெரிந்த இன்னொரு ஆள் அவள் கணவன் ஜெய்சன்தான். கேட்டதற்கு, “எனக்கு வெந்நி வைக்கவே தெரியாது, நான் எங்க குழம்பு எழுத?” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் நம்பவில்லை. அவனுக்குத் தெரியாமல் பாஸ்வேர்டை மாற்றினாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, சோறு பரிமாறிவிட்டுப் போனைத் திறந்தால் புதுப் பதிவு. அவளுடைய நடையேதான்.

‘வேலை ரொம்பக் கூடிவிட்டது தோழிகளே. அதனால் பள்ளிக்கூடம், பாட்டு, வீடு எல்லாவற்றையும் ஒருத்தியிடம் விட்டுவிட்டு, எழுத மட்டும் இங்கே வந்துவிட்டேன். நன்றாகவே சமாளிக்கிறாள். உப்புதான் இன்னும் கைக்கு வரவில்லை.’

ஜெய்சன் தட்டைத் தள்ளிவைத்தான். அவள் முகத்தையே பார்த்தான்.

“எழுதுறத நிறுத்துனதுலருந்து கேக்கணும்னு இருக்கேன். ஐரின் இம்புட்டு உப்புப் போடமாட்டாளே.”