வண்டி தாமதம்

"முப்பது வருஷம் வண்டி தாமதம்னு ஊருக்கே சொன்னவன் நான். இப்போ என் வண்டி தாமதம்னு நீங்க எனக்குச் சொல்றீங்களா?"

பெரியவரின் குரல் சைக்கிள் கடையைத் தாண்டித் தெருமுனை வரை போனது. ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்து ஓய்வு பெற்றவர். இவருக்கு மைக்கே தேவைப்பட்டிருக்காது என்று கவுண்டரில் இருந்தவள் நினைத்துக்கொண்டாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. இதற்கு முன் ஒரு போன் கம்பெனியில் புகார் கேட்கும் வேலை. 'உங்க சிரமம் புரியுது சார்' என்று தூக்கத்தில்கூடச் சொல்வாள். அதையே இவரிடமும் சொன்னாள்.

"புரிஞ்சா சரி" என்று கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார். வாசலில் நின்றிருந்த அவர் மனைவி ஓடிவந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை கொடுத்த வண்டி. முன்சக்கரம் கோணியிருந்தது. மறுநாள் தருவதாகச் சீட்டு எழுதிக் கொடுத்தது அவள்தான். மறுநாள் கேட்டால், ரிம் வரவில்லை என்றார் மெக்கானிக். புதனன்று பிரேக் கட்டை. இன்று ஏதோ பேரிங். பெரியவர் தினமும் வந்தார். சாக்கு மெக்கானிக்குடையது, திட்டு அவளுக்கு.

அன்று மதியம் டியூப் எடுக்கப் பின்பக்கம் போனவள், கொக்கியில் தொங்கிய அந்த வண்டியைப் பார்த்தாள். சக்கரத்தை விரலால் தட்டினாள். நூல் பிடித்தாற்போல் நேராகச் சுற்றியது. பிரேக் கச்சிதம். செயினுக்கு எண்ணெய்கூடப் போட்டாகிவிட்டது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்து முடித்த வண்டியை வைத்துக்கொண்டு வயதானவரை நாலு நாள் நடக்க விடுவது என்ன நியாயம், முதலாளியிடம் சொல்லத்தான் போகிறேன் என்றாள்.

மெக்கானிக் ஸ்போக்கை முறுக்கிக்கொண்டே மெல்லச் சொன்னார். வண்டி வந்த அன்றே பெரியவரின் மனைவி தனியாக வந்திருக்கிறார். பெரியவருக்குக் கண் ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லையாம். இரண்டு வாரம் சைக்கிளைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மனுஷர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப்போய்ச் சுவரில் மோதிவிட்டார். அடுத்த செவ்வாயோடு கெடு முடிகிறது, அதுவரை வண்டியைத் தராதீர்கள் என்று அந்த அம்மா கண்கலங்கியிருக்கிறார்.

"அவர்கிட்ட உண்மையைச் சொன்னா வேற கடைக்குத் தள்ளிக்கிட்டுப் போயிடுவாரும்மா. திட்டினா திட்டிட்டுப் போகட்டும். திட்டு ஆறிடும், கண்ணு போனா வருமா?"

அவள் டியூபை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குத் திரும்பினாள். மறுநாள் மெக்கானிக் சொல்வதற்கு முன் அவளே, "ஸ்போக் இன்னும் வரலை சார்" என்றாள்.

சனிக்கிழமை கடையில் நிற்க இடமில்லை. பஞ்சர் ஒட்ட நாலு பேர், காற்றடிக்க ஆறு பேர். பெரியவர் அன்று பார்த்து ஓங்கிக் குரல் கொடுக்க, முதலாளி உள்ளறையிலிருந்து வந்துவிட்டார். சொன்ன தேதிக்குத் தருவதுதான் இந்தக் கடையின் பெயர், அதைக் கெடுக்கிற ஆள் எனக்கு வேண்டாம் என்று மெக்கானிக்கைப் பார்த்துச் சொன்னார். மெக்கானிக் தலைகுனிந்து நின்றார்.

"தப்பு என்னோடது சார்" என்றாள் அவள். "ஆர்டர் போட நான்தான் மறந்துட்டேன்."

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். உன்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அடுத்த வாரம் சொல்கிறேன் என்று உள்ளே போய்விட்டார். பெரியவரும் அன்று கத்துவதைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை வண்டியைப் பளபளவென்று துடைத்து நிறுத்தியிருந்தார்கள். பெரியவர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். வாசலில் நின்ற மனைவியை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, கவுண்டரில் குனிந்து, முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"இது எப்போ ரெடியாச்சும்மா?"

"இன்னைக்குக் காலையிலதான் சார்."

"பொய் சொல்ல உனக்கு வரலை. போன வாரம் திங்கட்கிழமை அவ இங்கே வந்ததை எதிர்ப்பக்கம் நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். கண்ணு அவ்வளவு மோசமில்லை."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரியவர் தொடர்ந்தார். சனிக்கிழமை அவள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டதைப் பார்த்து, வீட்டுக்குப் போயும் அவருக்கு மனசு கேட்கவில்லையாம். அன்று சாயங்காலமே முதலாளிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். அவர்கள் இரண்டு பேர் வேலைக்கும் ஒன்றும் வராது, இப்படி இரண்டு பேர் எனக்கு வேறெங்கே கிடைப்பார்கள் என்று முதலாளியே சொன்னாராம்.

அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எல்லாம் தெரிஞ்சும் ஏன் சார் தினமும் வந்து அப்படிக் கத்துனீங்க?"

பெரியவர் சைக்கிளை வாசல் பக்கம் திருப்பினார்.

"கத்தலைன்னா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவ கண்டுபிடிச்சிருப்பாளே. நாற்பது வருஷத்துல என்கிட்ட மறைச்சு அவ செஞ்ச ஒரே காரியம், அதுவும் எனக்காக. அதுல அவளைத் தோற்க விடலாமா?"