இருநூற்றில் ஒன்று

"உட்காருங்க தம்பி. முதல்ல காபி, அப்புறம் மெஷின்."

மெஷின்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு மாதத்துக்கு முன்பு இந்த ஆஸ்பத்திரி லேபில் அவர் செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பொருத்தியபோது, "எங்க வயித்துல அடிக்க வந்துட்டீங்களா?" என்று சீறியவர் இதே டெக்னீஷியன் அம்மாதான். அன்றைக்குக் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூட அவருக்குப் பயம்.

"மெஷின் மேல கோபம் போயிடுச்சாம்மா?"

"கோபமா? தினமும் காலைல நான்தான் அதுக்குத் தூசி தட்டறேன்."

அவர் காபி கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு அந்த அம்மாவைப் பார்த்தார். போன இடமெல்லாம் வசவு வாங்கியே பழகியவர்.

"அப்போ ரெண்டு பேர் வேலைய விட்டுட்டாங்க. வேற ஆள் போடல. ஒரு நாளைக்கு இருநூறு ஸ்லைடு, நான் ஒருத்தியே மைக்ராஸ்கோப்ல பார்க்கணும். கண்ணு எரியும். கை அது பாட்டுக்கு 'நார்மல்'னு எழுதிட்டே போகும். லீவு கேட்டா, 'நீங்க இல்லன்னா லேபே இல்லம்மா'ன்னு ஐஸ் வெச்சு அனுப்பிடுவாங்க."

"அப்புறம்?"

"உங்க மெஷின் பழைய ஸ்லைடையெல்லாம் திரும்பப் பார்த்துச்சு. நான் நார்மல்னு தள்ளின ஒண்ணுல புற்றுநோய் அறிகுறி இருக்குன்னு காட்டிச்சு. பெரிய டாக்டர் கூப்பிட்டு ரிப்போர்ட்டை நீட்டினாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"வேலை போயிடும்னா?"

"வேலை ஞாபகமே வரல தம்பி. ஆனா அதுவும் போகல. மெஷின் சந்தேகப்படுறதுல பத்துக்கு ஏழு வெறும் கறைதான். அதைப் பிரிச்சுச் சொல்ல ஆள் வேணுமே! துணைக்கு ஒரு பொண்ணையும் போட்டிருக்காங்க. இப்ப அஞ்சு மணிக்கெல்லாம் வீட்ல இருக்கேன்."

மெஷின்காரருக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

"அந்த நோயாளி?"

"ஆரம்பத்துலயே பிடிச்சதால ஆபரேஷனோட போச்சு. மூணு மாசம் ஓய்வு. இப்ப கல்லு மாதிரி இருக்காங்க."

"நீங்க தவறவிட்டது அவங்களுக்குத் தெரியுமா? சண்டைக்கு வரலையா?"

அந்த அம்மா சிரித்தார். கண்கள் மட்டும் கலங்கின.

"ஸ்லைடுல பேர் இருக்காது தம்பி, நம்பர் மட்டும்தான். ஆஸ்பத்திரில ஊழியர்களுக்கெல்லாம் பரிசோதனை செஞ்சப்ப எடுத்தது அது. அன்னிக்கு நான் சரியாப் பார்க்காம நார்மல்னு எழுதினது... என்னோட ஸ்லைடு."