கம்பளிச் சும்மாடு

சுவீடனின் கோத்தன்பர்க் நகருக்கு வந்த மூன்றாம் வாரம், யாரோ இலவசமாகக் கொடுத்த மேசையை டிராமில் ஏற்ற ஓட்டுநர் மறுத்துவிட்டார். பூங்கோதை கழுத்துக் கம்பளியை அவிழ்த்துச் சுருட்டி, தலையில் சும்மாடாக வைத்தாள்.

"ஏய், எல்லாரும் பாக்குறாங்கடி," என்றான் கணவன் இன்பராசன்.

"பாக்கட்டும். திங்கக்கெழம மொழி வகுப்பு. ஒக்காந்து படிக்க மேசை வேணும். தூக்கிவிடுங்க."

ஊரில் செங்கல் சூளையில் நடைக்குப் பன்னிரண்டு கல் சுமந்த தலை அது. மேசை கால்களை வானுக்கு நீட்டி அமர்ந்தது. வீட்டுக்குப் போகும் உறைபனி ஏற்றத்தில் முதல் அடியிலேயே அவள் கால் வழுக்கியது; கழுத்து அசையவில்லை.

"எறக்கிடு புள்ள."

"எறக்குனா திரும்ப யாரு ஏத்துறது? முன்னால போயி எங்க வழுக்குதுன்னு சொல்லுங்க."

நாலாவது அடியில் இன்பராசன் விழுந்தான்.

"சரி, அங்க வழுக்குது," என்றபடி அவனைச் சுற்றி மேலேறினாள்.