உளி பட்ட கீறல்

நெற்குப்பையில் அந்தப் பூட்டிய பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்பவள் ரேணுகா. வாசல் சாவியைத் தொலைத்தவளும் அவள்தான். பூட்டைப் பெயர்க்கத் தச்சர் ஆசைத்தம்பி உளியோடு வந்திருந்தார். பெயர்த்தால் சித்திர வேலை செய்த தேக்குக் கதவும் சேர்ந்து பிளக்கும்; அவள் வேலையும் போகும். இனிமேல் வரப்போகும் புதுச் சாவியில் மாட்டச் சொல்லி, வீட்டுக்காரர்கள் சென்னையிலிருந்து, தொலைந்தாலும் போனில் தட்டினால் ஒலியெழுப்பி இடம் காட்டும் ஒரு புளூடூத் வில்லை அனுப்பியிருந்தார்கள். அதுவோ காலையிலிருந்து போனோடு சேர மறுத்தது.

“கொஞ்சம் பொறுங்கண்ணே. அந்த உளியை இங்குட்டுக் குடுங்க.”

வில்லையின் மூடியை நெம்பியபோது அதில் கொக்கிபோல ஒரு கீறல் விழுந்தது. பேட்டரிக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. அதை உருவி எறிந்ததும் ‘இணைந்தது’ என்று காட்டியது போன். ரேணுகா ‘ஒலி எழுப்பு’ என்பதை அழுத்தினாள். கையிலிருந்த வில்லை பேசாமல் இருந்தது. தோட்டத்துக் கிணற்றுக்குள் ஏதோ கூவியது.

பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவினார்கள். தொலைந்த சாவி மேலே வந்தது. தொலைத்தபோது அதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. இப்போது பாசி பிடித்த வில்லை ஒன்று தொங்கியது. துடைத்ததும் அதே கொக்கிக் கீறல் தெரிந்தது.

சாவியைப் போட்டதும் கதவு திறந்தது.

“கதவு தப்பிச்சிருச்சு தாயி!” என்று ஆசைத்தம்பி கைதட்டிச் சிரித்தார்.

ரேணுகா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, நிமிர்ந்து நடந்து போய், கையிலிருந்த புது வில்லையைக் கிணற்றில் போட்டாள்.

“அதை ஏந்தாயி உள்ள போட்டே?”

“போடலைன்னா சாவி எப்படிண்ணே கெடைச்சிருக்கும்?”