வாசல் காவல்

ஓர் அரிசி ஆலையில் சிப்பாய் என்ற கிழநாய் வாசலைக் காத்தது. செவலை என்ற இளநாய், நெல் காயும் களத்தில் ஆடு கோழிகளை விரட்டியது. பத்து வருஷத்துப் பழைய ஆள் என்பதால் சிப்பாய்க்கு மதியம் தட்டு நிறையக் கறிச்சோறு. நாளெல்லாம் வெயிலில் ஓடும் செவலைக்கு அரைத்தட்டு ரசச்சோறு. அந்தத் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் செவலைக்கு வயிறு எரிந்தது.

"பெரியவரே, உங்களுக்குக் காதும் மந்தமாயிடுச்சு. வேலையை விட்டுட்டு நிம்மதியா இருக்கலாமே?" என்று ஒருநாள் கேட்டேவிட்டது.

"விட்டுட்டா எனக்கு யாரு தம்பி சோறு போடுவா?" என்றது சிப்பாய்.

மறுநாள் மதியம் ஒருவன் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசல் வழியே நழுவினான். சிப்பாய் கண்ணயர்ந்திருந்தது. களத்திலிருந்து பார்த்த செவலைக்குக் குரைப்பு தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டது.

சாயங்காலமே முதலாளி சிப்பாயின் கழுத்துப் பட்டையைக் கழற்றித் தெருவுக்கு விரட்டினார். அது ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. செவலை துள்ளி ஓடி வாசலில் உட்கார்ந்தது.

அடுத்த நாள் அதே அரைத்தட்டு ரசச்சோறுதான் வந்தது.

"இனிமே ஒரு நாயே போதும். வாசலையும் களத்தையும் இதுவே பார்த்துக்கும்" என்று முதலாளி தன் மனைவியிடம் சொன்னார்.

செவலை தட்டில் வாய் வைத்தது. களத்தில் ஓர் ஆடு நெல்லில் வாய் வைத்தது. செவலை எழுந்து ஓடியது. பாதி வழியில், வாசலில் யாரோ நுழைவது தெரிந்து திரும்பி ஓடி வந்தது.